முதல் போணிக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மீனவர் குப்பத்தில் சுனாமி நினைவுச் சிலையை நிறுத்தியாயிற்று. கணக்கை முடித்து, மீதிப் பணத்தைப் பஞ்சாயத்தாரிடம் ஒப்படைத்துவிட்டேன். நன்றி சொல்வதுதான் பாக்கி. புதுச்சேரியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் இந்த வேலையையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த அலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. எங்கள் குப்பத்தில் போனவர்களுக்காக முதலில் ஒரு சிமெண்டுச் சிலை வைத்தோம். தலைவிரிகோலமாக, கடலைப் பார்த்து அழுகிற பெண். சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி. உப்புக்காற்றில் கம்பி துருவேறிப் புடைக்கும், புடைத்தால் மேல்பூச்சு வெடிக்கும். கடலோரத்தில் வீடு கட்டிய எவருக்கும் தெரிந்த விஷயம் அதைச் செய்து தந்தவருக்குத் தெரியவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் அடித்தபோது வலக்கை முழங்கையோடு போயிற்று. பிள்ளைகள் ‘கையில்லாத அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்லுக்குப் போகலாம் என்ற புத்தி எங்களுக்கு வரக் காரணமானவர் என்ற வகையில், அந்தச் சிமெண்டுக்காரருக்கும் ஒரு நன்றி.

இருபதாம் ஆண்டுக்குப் புதுச் சிலை என்று முடிவானதும் கூட்டம் போட்டார்கள். படகு வைக்கலாம் என்றார் ஒருவர். பெரிய அலை ஒன்றைச் செதுக்கலாம் என்றார் இன்னொருவர். (அலைக்கு எதற்கு ஐயா சிலை?) கடைசியில் தெருமுனைப் பாட்டி எழுந்து, “அழுகிறவளை இத்தனை வருடமாகப் பார்த்தாயிற்று. கூடையோடு வியாபாரத்துக்குப் போகிறவளை வையுங்கள்” என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. பாட்டி, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

அடுத்தது மாமல்லபுரத்து ஸ்தபதி ஐயாவுக்கு. பட்டறைக்கு நாங்கள் போனபோது சுத்தியலால் கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். மணி போல் ஒலித்தால் ஆண் கல், தாளம் போல் ஒலித்தால் பெண் கல், ஓசையே இல்லாதது பீடத்துக்கு. என் காதுக்கு எல்லாம் ‘டங்’ என்றுதான் கேட்டது. அம்மாவோ மூன்றாவது கல்லைத் தட்டியதுமே, “இதுதான்” என்றாள். அவர் தேர்ந்து வைத்திருந்ததும் அதுவேதான். மீனைத் தொட்டுப் பார்த்தே எத்தனை நாளானது என்று சொல்கிற கை அல்லவா.

சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியபோதும், அதன்பின் அலை மணலை அரித்துப்போனபோதும், மாமல்லபுரத்தில் பல நூற்றாண்டாகப் புதைந்து கிடந்த சிற்பங்கள் வெளியே தெரிந்த கதையையும் அவர்தான் சொன்னார். நம்மைப் புதைத்த கடல் கல்லைத் தோண்டிக் கொடுத்ததா என்று அம்மா கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருந்ததற்கும் நன்றி.

சிலையை வந்து பாருங்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் அன்னக்கூடை, ஒரு கை கூடையின் விளிம்பில், இடது குதிகால் தரையை விட்டு எழும்பிய நிலையில். முதுகு கடலுக்கு, முகம் ஊருக்கு. கூடைக்குள் நெத்திலி மீன்களைச் செதுக்கியிருக்கிறார் ஸ்தபதி. கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. யாருக்காக ஐயா இந்த உழைப்பு என்று கேட்டேன். “கூடை வெறுமையாக இருந்தால் கழுத்து இப்படி நிற்காதே, அம்மா” என்றார். மழை பெய்தால் அந்த நெத்திலி மேல் தண்ணீர் நிற்கிறது, காக்கைகள் வந்து குடிக்கின்றன.

பீடத்தில் பெயர்கள் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் பிடிவாதம். வேலைக்குப் போகும் வழியில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைத் தினமும் பார்க்கிறேன். 1914–18 போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் எழுப்பியது. துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றிக் குனிந்து நிற்கும் சிப்பாயைவிட, அங்கே கல்லில் இருக்கும் எழுத்துகளுக்கு முன்தான் நான் அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

ஆனால் பெயர்ப்பட்டியல் எடுத்தபோது ஓரிடத்தில் தடுக்கியது. அரசுப் பட்டியலில் ‘ஆண் குழந்தை, 4 மாதம்’ என்று மட்டும் ஒரு வரி. பெயர் சூட்டுவதற்குள் அலை வந்துவிட்டது. அப்படியே பொறித்துவிடலாம் என்றார்கள். நான் அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தொட்டிலில் போட்டுக் கூப்பிட்ட பெயரைச் சொன்னார். இருபது வருடமாக அந்தப் பெயரை யாரிடமும் சொன்னதில்லையாம். அக்கா, அதை என்னை நம்பிச் சொன்னீர்கள். இங்கே எழுத மாட்டேன், கல்லில் இருக்கிறது.

பீடத்துக்குக் குழி தோண்டிய மறுவாரமே ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மழை விடுவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து பெண்ணையாறு கரைபுரண்டது. குழியில் கெண்டை பிடிக்கலாம் போலிருந்தது. சிலையோடு வர வேண்டிய லாரி பட்டறையிலேயே நின்றது. அந்த நாட்களில் தங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதே என்னிடம் வந்து “சிலை என்னவாயிற்று?” என்று விசாரித்த அத்தனை பேருக்கும் நன்றி. ஒருவழியாக லாரி வந்தது. கிரேனோ மணலில் சக்கரம் புதைந்து பாதியிலேயே நின்றுவிட்டது. படகு இழுக்கிற அண்ணன்மார் உருளைக்கட்டையும் வடமும் கொண்டுவந்து, படகைக் கரையேற்றுவது போலவே அவளையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். கூலி வாங்கவில்லை. டீ மட்டும் ஏழு முறை. கணக்கில் இருக்கிறது.

கடைசியாக ஒருவர். பெயர் தெரியாது, அதனால்தான் இதைப் பொதுமடலாக எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு யாரும் மீன் வாங்கவில்லை. பிணம் தின்ற மீன் என்று பேச்சு. 2005 மாசியில் அம்மா முதல் முறையாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பம் போனாள். ஒன்பது வயதுப் பெண்ணான நானும் கூடவே நடந்தேன். தெருவுக்குத் தெரு கதவு மூடியது. வெயில் ஏறி, மீன் கண் வெளுக்கத் தொடங்கியபோது, பச்சைக் கம்பிக் கதவு போட்ட வீட்டில் நீங்கள் கூப்பிட்டீர்கள். விலைகூடக் கேட்கவில்லை. நெத்திலியை முறத்தில் வாங்கிக்கொண்டு இருபது ரூபாய் கொடுத்தீர்கள். அம்மா அதைக் கண்ணில் ஒற்றி, கூடையைச் சுற்றி, முந்தானையில் முடிந்தாள். அடுத்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவரும் வாங்கினார்.

பச்சைக் கதவு இப்போது இல்லை. அந்தத் தெருவில் இரண்டு முறை விசாரித்தும் தெரியவில்லை. இதைப் படித்தால் ஒரு நாள் காலை ஏழு மணிக்குள் வாருங்கள், அம்மா. சிலை நிழலில்தான் என் தாய் கடை போடுகிறாள். நீங்கள் வந்தால் விலை சொல்ல மாட்டாள், சண்டை போட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.