மூலிகைத் துணை உணவுகள்: மருத்துவமனைச் சீட்டில் ஒரு கேள்வி சேர்க்கக் கோரி மனு

அனுப்புநர்:
பதிவுபெற்ற மருந்தாளுநர்

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: நோயாளிகள் எடுத்துவரும் மூலிகைத் துணை உணவுகளை மருத்துவமனையில் கேட்டுப் பதிவு செய்தல், டப்பாக்களில் எச்சரிக்கை அச்சிடுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மருந்துக் கடையில் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பவன் நான். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "இல்லை" என்றே சொல்கிறார்கள். "பொடி, கேப்சூல், மூலிகை டீ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான், "அது மருந்து இல்லீங்களே, சும்மா உடம்புக்கு நல்லதுன்னு..." என்று பதில் வருகிறது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. அவர்கள் கணக்கில் அது சாப்பாட்டோடு சேர்த்தி.

கல்லீரலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. மனச்சோர்வுக்கென்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் எல்லாமே ரத்தத்தில் குறைந்துபோகின்றன. மருத்துவருக்கோ மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பது பிடிபடாது. அதிமதுரத்தை நாள்கணக்கில் அதிகமாக எடுத்தால் பொட்டாசியம் இறங்கி, ரத்த அழுத்தம் ஏறும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த கேப்சூலில், சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடி சேர்ந்துவிட்டதால் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது.

புறநோயாளிச் சீட்டில் சர்க்கரை உண்டா, ஒவ்வாமை உண்டா என்றெல்லாம் கட்டம் போட்டிருக்கிறது. அதன் கீழே, "பொடி, கஷாயம், கேப்சூல், மூலிகை டீ எதுவும் எடுக்கிறீர்களா? பெயர் என்ன?" என்று ஒரு வரி சேர்க்க உத்தரவிட வேண்டுகிறேன். "வேறு மருந்து" என்று பொதுவாகக் கேட்டால் பழைய பதிலே வரும். அறுவை சிகிச்சைக்கு முன் இந்தக் கேள்வி இன்னும் அவசியம்: நினைவாற்றலுக்கென்று விற்கப்படும் ஜின்கோ என்ற மூலிகை, பூண்டுக் கேப்சூல் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டலாம் என்பதால் ஓரிரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். எடுப்பதே தெரியாவிட்டால் யார் நிறுத்தச் சொல்வது?

டப்பாக்களையும் கவனிக்க வேண்டும். இலைப் படமும் "100% இயற்கை" என்பதும் எட்டி நின்றாலே தெரிகின்றன. எந்த மருந்தோடு சேரக்கூடாது என்பதை மட்டும் கண்ணாடி போட்டுத் தேடினாலும் பல டப்பாக்களில் காணோம். தாவரப் பெயர், பயன்படுத்திய பாகம், சாற்றின் அளவு, சேரக்கூடாத மருந்துகள், பக்கவிளைவைத் தெரிவிக்கத் தொலைபேசி எண் ஆகியவற்றைப் படிக்கும்படியான எழுத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். லேபிள் மாற நாளாகும் என்பது தெரியும். சீட்டில் ஒரு வரி சேர்க்க அடுத்த அச்சடிப்பே போதும். அதையாவது முதலில் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மருந்தாளுநர்