கார்டைத் திருப்பி அனுப்பும் முன்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. யாழினி அனிமேஷன் படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பொம்மை வரைந்துகொண்டிருந்த பெண் அல்லவா! நான் இங்கே நலம். மாலை வேளையில் சில மாணவர்களுக்கு ஹார்டுவேர் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் ஓடாமல் கிடக்கும் மெஷின்களை அவர்களே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அதனால் பொழுது நன்றாகப் போகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். புது கிராபிக்ஸ் கார்டு போட்ட நாளிலிருந்து கம்ப்யூட்டர் நிலைக்கவில்லை, விண்டோஸைப் புதிதாகப் போட்டும் பயனில்லை, இனி கார்டைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. திருப்பி அனுப்பக் கடைசி நாள் எதுவென்று பார்த்துக் குறித்து வைத்துக்கொள். அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: சும்மா இருக்கும்போது ஒன்றும் ஆவதில்லை, பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் ரெண்டர் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) கொடுத்த சற்று நேரத்தில் மெஷின் பொசுக்கென்று அணைந்து மறுபடி எழுகிறது என்று. பாதி விடை அதிலேயே இருக்கிறது. எந்த நேரத்தில் மெஷின் விழுகிறது என்று பார்த்தாலே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பட்டனை அழுத்தியதிலிருந்தே திரை கறுப்பு என்றால், கார்டு ஸ்லாட்டில் முழுதாக இறங்கவில்லை, மின் கேபிள் செருகவில்லை, இல்லையென்றால் மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கேபிள் புது கார்டில் இருக்க வேண்டும். பல மதர்போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று சின்ன விளக்குகள் இருக்கும். விஜிஏ விளக்கு அணையாமல் நின்றால் சிக்கல் கார்டுப் பக்கம். விண்டோஸ் ஏறும்வரை படம் வந்து, அதன் பிறகு கறுப்பானால் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, சந்தேகிக்கலாம். திரை மட்டும் போய் ஸ்பீக்கரில் பாட்டு தொடர்ந்தாலும் முதலில் டிரைவர், அப்புறம் கார்டு. ஆனால் மெஷினே மொத்தமாக விழுகிறது, அதுவும் கார்டு கடுமையாக உழைக்கும்போது மட்டும் விழுகிறது என்றால், நான் முதலில் பார்ப்பது எஸ்எம்பிஎஸ்ஸைத்தான், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டியை.

நீ விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் வீண்போகவில்லை. பழைய கார்டின் டிரைவர் மிச்சம் கிடந்து தொல்லை தருகிறதோ என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது. இல்லாவிட்டால் சேஃப் மோடில் போய் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்துத் துடைக்கச் சொல்லியிருப்பேன். விண்டோஸின் நிகழ்வுப் பட்டியலான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக வருகிறது, பயமாக இருக்கிறது என்றாயே, அதற்குப் பயப்படாதே. முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றுபோனது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. டிரைவர் மயங்கி விழுந்திருந்தால் 4101 என்ற எண்ணை எதிர்பார்க்கலாம்: கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தட்டி எழுப்பி, அதைக் குறித்து வைக்கும். உன் பட்டியலில் அது ஒன்றுகூட இல்லை.

இனி மின்சாரம். நாம் பட்டைக் கேபிளை மடித்து மடித்துச் செருகிய காலம் ஞாபகம் இருக்கிறதா? அப்போதைய ஏஜிபி வகை கிராபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி மின் கேபிளே கிடையாது. மொத்த கம்ப்யூட்டருக்கும் 250 வாட் சப்ளை போதுமாக இருந்தது. இன்று கார்டு ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. கார்டு உட்காரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரைதான் தரும். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150. உன் கார்டில் இரண்டு 8 பின் வாய் இருக்கிறது என்றால் 225 வாட்டுக்கு மேல் கேட்கக்கூடிய கார்டு என்று புரிந்துகொள்.

கார்டின் பெட்டியில் போட்டிருப்பது சராசரிக் கணக்கு. ரெண்டர் ஓடும்போது ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதிக்கு அது சராசரியைவிட வெகுவாக எகிறி மின்சாரத்தை இழுக்கும். நம் கண்ணுக்கோ சாதாரண வாட் மீட்டருக்கோ அது படாது, எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்றுக்குப் படும். ஏதோ கோளாறு என்று நினைத்து அது சட்டென்று துண்டித்துவிடும். இதற்காகவே 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற எஸ்எம்பிஎஸ் விதிமுறையில், குறித்த திறனைப் போல இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். உன் எஸ்எம்பிஎஸ் அதற்கு முந்தையது. நல்ல சரக்காகவே இருக்கலாம், ஆனால் இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல. வயதாக ஆக உள்ளே கெபாசிட்டர்களும் தளரும்.

ஆகவே முதல் வேலை. சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடு. கேபினெட்டின் பெயிண்ட் அடிக்காத உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கை வை. கார்டுக்குப் போகும் கேபிளை எஸ்எம்பிஎஸ் வரை விரலால் பிடித்துக்கொண்டே போ. இரண்டு 8 பின்னும் ஒரே கேபிளில் வால் போலத் தொங்குகிறதா, தனித்தனிக் கேபிளா? ஒரே கேபிள் என்றால் உடனே இரண்டாகப் பிரித்துக்கொடு. போன மாதம் ஒரு மாணவன் கொண்டு வந்த மெஷினில் இதே கதைதான். விளையாட்டைத் திறந்தால் போதும், அணைந்துவிடும். இரண்டாவது கேபிளைத் தனியாக இழுத்துக் கொடுத்ததும் நின்றுவிட்டது.

அந்த 8 பின் பிளக் 6 பின்னும் 2 பின்னுமாகப் பிரிந்திருக்கும் இல்லையா, அதைப் பக்கவாட்டில் வைத்துப் பார். இரண்டு பின் துண்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய வரம்பு இருக்கும். அது ஆறு பின் துண்டோடு பொருந்தி, இரண்டும் ஒன்றாக இறங்க வேண்டும். கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்து. புது வகை 16 பின் பிளக் உள்ள கார்டாக இருந்தால் இன்னும் கவனம்: சற்றும் இடைவெளி தெரியாமல் செருக வேண்டும், பிளக்கை ஒட்டியே கேபிளை வளைக்கக் கூடாது. 2022இல் அந்த வகை பிளக்குகள் உருகிய செய்தி வந்தபோது, முழுதாகச் செருகாததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதே. கேபிள் போதவில்லை என்று வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றி மாட்டும் கேபிளை எடுத்துச் செருகாதே. வாய் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார்டோ டிஸ்க்கோ ஒரு நொடியில் போய்விடும்.

கேபிள் சரியாக இருந்தும் அணைந்தால் அடுத்த சோதனை, செலவே இல்லாதது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே காட்சியை ரெண்டர் செய். வேறு எதையும் அந்த நேரத்தில் மாற்றாதே; இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும். ரெண்டர் முழுதாக ஓடி முடிந்தால் எஸ்எம்பிஎஸ் மீதான சந்தேகம் வலுக்கிறது. கூடவே வெப்பநிலையையும் பார்த்துக்கொள், பவரைக் குறைத்தால் சூடும் குறையும் என்பதால். 100 சதவீதத்தில், அணைவதற்குச் சற்று முன் 65, 70 டிகிரிதான் காட்டுகிறது என்றால் சூட்டை விட்டுவிடலாம். கார்டின் ஃபேன் சும்மா இருக்கும்போது சுற்றவில்லை என்று யாழினி கவலைப்பட்டாள் என்றாயே, அது குறையே இல்லை. இப்போதைய கார்டுகளில் பல, சூடு ஏறும்வரை ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கும்.

உன் நண்பர் பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் ஆக விடும் வசதி) அணைத்து, ரீசைசபிள் பாரை (கார்டின் நினைவகம் முழுவதையும் சிபியு ஒரே வீச்சில் அணுக விடும் வசதி) போடச் சொன்னார் என்றாய். கெட்ட யோசனை இல்லை, வேகம் கொஞ்சம் கூடலாம். ஆனால் உன் பிரச்சினைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்காக இருந்தால், சிஎஸ்எம் போனதும் விண்டோஸ் எழவே எழாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். மெஷின் நிலைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எனவே எனக்கு மூன்று விஷயம் எழுது. எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது (50 ஆம்பியர் என்றால் 600 வாட்), கேபிள் ஒன்றா இரண்டா, 70 சதவீதத்தில் என்ன ஆனது. எஸ்எம்பிஎஸ்தான் என்று உறுதியானால், கார்டு கம்பெனி சிபாரிசு செய்யும் வாட்டுக்குக் குறையாமல், ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று போட்டதாகப் பார்த்து வாங்கு. இதில் மிச்சம் பிடிக்காதே. வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் இருக்கும் மெஷினில் மாட்டியும் கார்டு இதே மாதிரி விழுந்தால், அப்போது தயங்காமல் திருப்பி அனுப்பிவிடு. அதுவரை பழைய கார்டை யாருக்கும் கொடுத்துவிடாதே, ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்.

அன்புடன்,
சேகர்