நாயின் இனத்துக்குத் தடை வேண்டாம், வளர்ப்பவருக்கு விதி வேண்டும்: சேலம் ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
நாய் வளர்ப்போர், பயிற்சியாளர்கள்,
சேலம் மாநகர் மற்றும் ஏற்காடு.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: வளர்ப்பு நாய்களை இனப்பெயரால் விலக்காமல், வளர்க்கும் முறைக்கு விதி வகுக்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா, வணக்கம்.

2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட இனங்களை மூர்க்கமானவை என்று பட்டியலிட்டு, அவற்றுக்குத் தடை கோரி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களைக் கலந்து பேசவில்லை என்று அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சுற்றறிக்கை போயிற்று, பட்டியல் போகவில்லை. வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் அதைக் காட்டியே நாயை வெளியேற்றச் சொல்கிறார்கள். அதில் 'டெரியர்' என்று மொட்டையாக ஒரு சொல். மடியில் உட்காரும் யார்க்‌ஷயர் டெரியரும் அதில் அடங்கிவிடும். அந்நியரை வாசல் மிதிக்க விடாத நம் நாட்டு இனமான கோம்பை அதில் இல்லை!

பெரிய தாடை கடித்தால் காயம் ஆழம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டருகே நாலடிச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிய நாயைக் கவனியுங்கள். போகிறவரைப் பார்த்துக் குரைக்கும்; அவர் தன் வழியே போய்விடுவார். குரைத்ததால்தான் போனார் என்று நாய் கற்றுக்கொள்ளும். கொக்கி தேய்ந்து கழன்ற அன்று நேரே பாயும். 3 முதல் 14 வார வயதுக்குள் குழந்தைகளையும் ஹெல்மெட் போட்டவரையும் பார்த்துப் பழகாத குட்டியும் அப்படியே. ராஜபாளையம் இன நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கவ்விவிடும். இதெல்லாம் இனக் குணம் ஆகாது.

ஆகவே, எந்த இனமானாலும் தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பும் ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசியும் இருந்தால்தான் உரிமம் என்று வையுங்கள். கேட்டுக்கு உட்புறம் இரண்டாவது கதவு வேண்டும். பார்சல் வாங்கத் திறக்கும் நொடியில்தான் நாய் வெளியேறுகிறது. தெருவில் 5 அடிக்கு மிகாத லீஷ் (நாயைப் பிடித்து நடத்தும் வார்) போதும். இழுத்தால் நீளும் சுருள் வகையில் பெரிய நாயைப் பிடித்து நிறுத்த முடியாது. கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், தலை வழியே உருவி வரக் கூடாது. வாய்மூடி கூடை வகையாகவே இருக்கட்டும்: நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும், துணிப்பட்டையால் இறுக்கினால் சேலத்துச் சித்திரை வெயிலில் சுருண்டு விழும்.

சட்டம் இல்லாமலில்லை. கவனக்குறைவாக விலங்கை வைத்திருப்பவருக்கு குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கடி புகார் வந்தால் இனத்தை எழுதுவதோடு நிற்காமல் கதவு, சங்கிலி, தடுப்பூசி மூன்றையும் ஆய்ந்து எழுத உத்தரவிட வேண்டும்.

தடை என்றால் பயந்தவர் நாயை இரவோடு இரவாக ஏற்காட்டு மலைப்பாதை வளைவில் அவிழ்த்துவிடுவார். பசித்த நாய் எஸ்டேட் கோழியையும் காட்டெருமைக் கன்றையும் துரத்தும். தடுப்பூசிக் கணக்கிலும் இராது.

மேற்கண்ட விதிகளை மாநகராட்சிக்கும் ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்துக்கும், குடியிருப்போர் சங்கங்களுக்கும் அனுப்பிவைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்