குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. ஆள் சேராமல் சில கூட்டங்களை ஒத்திவைக்க நேர்ந்தது. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் தலைவர் கொடியேற்றினார். மழைக்காலத்துக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டது. எரியாத தெருவிளக்குகளின் பட்டியல் எழுதிக் கொடுக்கப்பட்டு, பெரும்பாலானவை எரிகின்றன. கண் பரிசோதனை முகாம் நடந்தது. இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

இனி புறவழிச்சாலை. இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. செயலாளருக்கு பைபாஸைத் தவிர வேறு பேச்சே கிடையாதா என்று சிலர் கேட்பது என் காதுக்கும் வந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போகிற சரக்கு லாரியும், பள்ளி வேனும், கைத்தடி ஊன்றி வருகிற பெரியவரும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்கிறோம். காலையிலும் மாலையிலும் ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்கி வழிவிடக்கூட இடமில்லை. ஒதுங்க நினைப்பவருக்கும் ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் சாக்கடை. இந்த லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு நம் ஊரில் ஏற்றவோ இறக்கவோ ஒன்றும் கிடையாது. வெறுமனே கடந்து போகின்றன. அவற்றை வெளியே திருப்பிவிடத்தான் புறவழிச்சாலை கேட்டோம். வரும் என்று அறிவித்தார்கள், கல் நட்டார்கள், ஆண்டுகள் ஓடிவிட்டன. நட்ட கல்லைச் சுற்றி முள் முளைத்திருக்கிறது. புறவழிச்சாலையைவிட முக்கியமான தெருவிளக்குப் பிரச்சினை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முந்தைய ஆண்டுகளில் நாம் கொடுத்த மனுக்களின் நகல்கள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. எடுத்துப் படித்துப் பார்த்தேன். எல்லா மனுவும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: சாலை எப்போது வரும்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கிறது: நடவடிக்கையில் உள்ளது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தாலும் அதே பதில், ஜமாபந்தியில் கொடுத்தாலும் அதே பதில். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஆகவே இந்த ஆண்டு கேள்வியை மாற்றினோம்.

2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, புறவழிச்சாலை செல்லும் பாதையில் வருகிற ஒவ்வொரு சர்வே எண்ணும், ஒவ்வொரு உட்பிரிவும் இன்றைய தேதியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டோம். யாருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, எது அரசிதழில் வந்துவிட்டது, எதற்கு இழப்பீடு கொடுத்தாகிவிட்டது என்று தனித்தனியாகக் கேட்டோம். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை. அதே அலுவலகத்தின் மேல்நிலை அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்த பிறகு ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதிலும் பாதிக் கேள்விக்குப் பதில் இல்லை. அந்தச் சட்டம் தகவலை எழுத்தில் கேட்கும் உரிமையோடு நிற்கவில்லை. கோப்பை நேரில் பார்வையிடவும், வேண்டிய பக்கங்களைக் குறிப்பெடுக்கவும் உரிமை தருகிறது. அதைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதினோம். அப்புறம்தான் கோப்பு மேசைக்கு வந்தது. என்னுடன் வந்து உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு இந்தப் பொதுக்குழு நன்றி சொல்ல வேண்டும்.

பார்த்ததில் தெரிந்தது இதுதான். பாதையின் இரு முனைகளிலும் நிலம் எடுத்து முடிந்துவிட்டது. நடுவில் சில உட்பிரிவுகள் நிற்கின்றன. இவ்வளவு ஆண்டு தாமதமும் அந்தச் சில துண்டுகளுக்குள் அடங்கியிருக்கிறது.

அவை ஏன் நிற்கின்றன என்பதை உறுப்பினர்கள் புரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால்தான் சரியான இடத்தில் குரல் கொடுக்க முடியும். நம் புறவழிச்சாலைக்கு நிலம் எடுப்பது 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ். அதில் பிரிவு 15(2)படி முதலில் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். பிறகு 15(1)படி அரசிதழில் அறிவிப்பு வெளிவந்தால் அன்றே நிலம் அரசைச் சேர்ந்துவிடும். இது நடந்துகொண்டிருந்தபோது, 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அரசின் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்திலிருந்து இந்த மாநிலச் சட்டத்துக்கு விலக்கு அளித்த பிரிவு 105ஏ செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2013க்குப் பிந்தைய நில எடுப்புகள் அடியோடு கேள்விக்குள்ளாயின. அதே ஆண்டு சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி அவற்றுக்கு உயிர் கொடுத்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கால் தள்ளிப்போனது என்று அலுவலகத்தில் சொல்கிறார்களே, அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வழக்கு 2021இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிந்தைய தாமதத்துக்கு அதைக் காரணம் காட்ட முடியாது. இதை எழுத்துப்பூர்வமாகச் சுட்டிக்காட்டியிருக்கிறோம்.

நிற்கிற துண்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிக்கல் பட்டாவில். தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கிறது. அவர் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. வாரிசுகள் நாலு ஊரில் இருக்கிறார்கள், வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை, பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்ததோடு சரி. நோட்டீஸை யாருக்குக் கொடுப்பது, பணத்தை யாரிடம் கொடுப்பது என்று கோப்பு அங்கேயே படுத்துவிடுகிறது. நில எடுப்பைக் கவனிக்கும் தனி வட்டாட்சியர் மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நிலம் கொடுப்பவர்களை ஊர் வளர்ச்சிக்குத் தடையாக நிற்பவர்கள் என்று நம் கூட்டங்களில் சிலர் பேசினார்கள். அது நியாயமில்லை. பாதையில் கல் நட்ட நாளிலிருந்து அந்த நிலத்தை அவர்களால் விற்கவும் முடியவில்லை, அடமானம் வைக்கவும் முடியவில்லை, கிணறு தோண்டவும் மனம் வரவில்லை. தாமதத்தால் நம்மைவிட அதிகம் நொந்துபோனவர்கள் அவர்கள்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்குப்படி சந்தை மதிப்புக்கு மேல் அதற்கு இணையாக 100 சதவீதம் ஆறுதல் தொகையும் சேர வேண்டும். அந்தச் சந்தை மதிப்பைப் பழைய பத்திரங்களை வைத்துக் கணக்கிட்டதில்தான் அவர்கள் வருத்தம். அதைக் கேட்பது அவர்கள் உரிமை. இந்த ஆண்டு சங்கம் அவர்களில் பலரை நேரில் சந்தித்தது. வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். சில விண்ணப்பங்கள் முடிந்து உத்தரவும் வந்திருக்கிறது. இந்த ஆண்டு செய்ததில் எனக்கு மிக நிறைவு தந்தது இந்த வேலைதான்.

அடுத்த சிக்கல் ரயில் பாதை. புறவழிச்சாலை தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் மேம்பாலம் வேண்டும். தண்டவாளத்துக்கு நேர் மேலே வரும் பகுதி ஒரு துறைக்கு, இருபக்கமும் ஏறி இறங்கும் அணுகுசாலை இன்னொரு துறைக்கு. வரைபடத்துக்கு இரு தரப்பும் ஒப்புதல் தந்தால்தான் டெண்டர் போக முடியும். ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தும்படி மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். இன்னும் தேதி வரவில்லை.

அப்புறம் வாகனக் கணக்கெடுப்பு. இதைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு, மறைக்கவில்லை. இவ்வளவு வாகனம் போகிறது என்று வாயால் சொன்னால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். சாலைப் பணிகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த முறைப்படி, தொடர்ந்து 7 நாள், நாள் முழுக்க, வகை பிரித்து எண்ண வேண்டும். லாரி, பேருந்து ஒவ்வொன்றும் மூன்று காருக்குச் சமம், இருசக்கர வாகனம் அரை காருக்குச் சமம் என்று கணக்கு. அப்படி எண்ணிய பட்டியலை வைத்துப் பேசினால் அதிகாரிகள் நாற்காலியை முன்னே இழுத்து உட்காருகிறார்கள். முறை போட்டுப் பட்டியல் தயாரித்தோம். கூட்டத்தில் கை தூக்கிப் பெயர் கொடுத்தவர்கள் பலர். முதல் நாள் காலை வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரவு முறைக்கு வருவதாகச் சொன்னவர்களில் சிலர் தொலைபேசியையும் எடுக்கவில்லை. பகல் நேரக் கணக்கு மட்டும் முழுமையாகக் கிடைத்தது. லாரிகள் அதிகம் போவதே இரவில்தான். அந்தக் கணக்குதான் நம்மிடம் இல்லை. கல்லூரியில் படிக்கும் நம் தெருப் பிள்ளைகள் சிலர் பரீட்சை நேரத்திலும் வந்து நின்றார்கள். அவர்களுடைய பெற்றோர் இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தால் பெருமைப்படலாம்.

நிலைமை இப்படியிருக்க, புறவழிச்சாலை என்ன ஆயிற்று என்று தெருமுனையில் என்னை நிறுத்திக் கேட்பவர்கள் மட்டும் குறையவில்லை. கேளுங்கள், தவறில்லை. கூட்டத்துக்கு வந்து கேட்டால் பதிலோடு கோப்பையும் காட்ட முடியும்.

சந்தா விஷயம். உறுப்பினர்களில் கணிசமானோர் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சிலருக்கு இது ஓராண்டு பாக்கி மட்டும் இல்லை என்பதும் பதிவேட்டில் தெரிகிறது. பெயர்களை வாசிக்கும்படி குழுவில் ஒரு கருத்து வந்தது, நான் ஒப்பவில்லை. ஆனால் நகல் கட்டணம், பதிவுத் தபால், பயணம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். சந்தா கட்டாதவர்கள் வீட்டு வாசலிலும் லாரி போகத்தான் செய்கிறது.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி தணிக்கை முடிந்துவிட்டது. வரவு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்று அதிகம். முந்தைய இருப்பிலிருந்து ஈடுகட்டியிருக்கிறோம். புறவழிச்சாலைப் பணிக்கான செலவு இதர இனங்களில் சேர்ந்திருக்கிறது. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கு இடம் தந்த மண்டப நிர்வாகத்துக்கும், ஒத்துழைத்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும், செய்தி வெளியிட்ட நிருபர்களுக்கும், துணை நின்ற தலைவர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு வேலை தெளிவாக இருக்கிறது. தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு போட வேண்டும். அதற்கு 90 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. நிற்கிற உட்பிரிவுகளின் வாரிசுகளைத் தேடிப் பேச வேண்டும். பாதை போகிற ஊராட்சிகளில் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றக் கேட்க வேண்டும். இரவுக் கணக்கெடுப்பை மறுபடி எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒருவரே தூக்கிச் சுமக்க முடியாது. நிர்வாகிகள் தேர்தல் நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருக்கிறது. செயலாளர் பொறுப்புக்கு இளையவர் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன், கூடவே நின்று கோப்பை விளக்குவேன். யாரும் வரவில்லையென்றால் தொடரவும் தயங்கமாட்டேன். அப்படியானால் இரவு முறைக்கு நான்கு பேரையாவது இன்றே இந்த அரங்கில் எழுதிக்கொடுங்கள். பெயர் எழுதும் ஏடு பொருளாளர் மேசையில், சந்தா ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்