அந்த பிளசென்டா (நஞ்சுக்கொடி) ரிப்போர்ட் பத்தி

கண்ணு,

நீ அனுப்புன ரிப்போர்ட்ட ரெண்டு தடவ படிச்சேன். பெரியவன் பொறந்தப்ப எடுத்தது, இத்தன நாள் ஃபைல்லயே கெடந்துருக்கு, இப்ப ரெண்டாவது உண்டானதும் எடுத்து பாத்து "க்ரானிக் வில்லைட்டிஸ்"னு, அதாவது நஞ்சுக்கொடில நாள்பட்ட அழற்சின்னு படிச்சிட்டு, "என் உடம்பே என் புள்ளய தாக்கிருச்சாம்மா"ன்னு கேட்ட பாரு, அதுக்கு போன்ல அவசரமா பதில் சொல்ல மனசு வரல.

நீ சாப்ட்டதாலயோ, வேலைக்கு போனதாலயோ, கவலப்பட்டதாலயோ இது வரல. இத மொதல்ல மனசுல போட்டுக்கோ.

லேப்ல இத்தன வருஷமா பிளசென்டா ஸ்லைடு பாத்தவ சொல்றேன். பிளசென்டாவுல வெரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கறதுதான் வில்லஸ், மைக்ரோஸ்கோப்புல வெச்சா அதெல்லாம் குட்டி குட்டி வட்டமா தெரியும், வட்டத்துக்குள்ள புள்ளையோட ரத்தக்குழா, வெளிய சுத்தி அம்மா ரத்தம், நடுவுல மெல்லிசா ஒரு செல் அடுக்கு, அவ்ளோதான், ரெண்டு ரத்தமும் கலக்காது. உள்ள அங்கங்க உப்பிப்போயி ஓட்ட ஓட்டயா சில செல் இருக்கும், ஹாஃப்பாவர் செல்னு பேரு, அது புள்ளையோட சொந்த மேக்ரோஃபேஜ், அதாவது கிருமி, கழிவெல்லாம் முழுங்கற எதிர்ப்பு செல். உன்னோடது இல்ல.

புள்ளையில பாதி அவங்கப்பா, அப்ப அம்மா உடம்பு ஏன் அத வெளிய தள்ளலன்னு 1953லயே பீட்டர் மெடவார்னு ஒரு விஞ்ஞானி கேட்டாரு. முழு பதில் இன்னும் இல்ல. ஆனா மொத மூணு மாசத்துல கர்ப்பப்பை உள்சுவர்ல இருக்கற எதிர்ப்பு செல்லுல சுமாரா 70 சதவீதம் என்.கே. செல்தான், நேச்சுரல் கில்லர்னு பேரு இருந்தாலும் அது புள்ளய அழிக்க வரல, உன் ரத்தக்குழாய அகலப்படுத்தி புள்ளைக்கு ரத்தம் போக வழி பண்ணுது. அந்தப் பக்கம் பிளசென்டா செல்லும் எச்எல்ஏ-ஜின்னு ஒரு புரதத்த காட்டி இதுங்கள அமைதியா வெச்சுக்கும். உன் உடம்பு புள்ளைக்காக வேல பாத்துச்சு கண்ணு, அதான் பெரிய விஷயம்.

வில்லைட்டிஸ்ல என்ன ஆகுதுன்னா அம்மாவோட டி செல்னு இன்னொரு வகை எதிர்ப்பு செல் கொஞ்சம் அந்த அடுக்க தாண்டி வில்லஸுக்குள்ள போயிடும். கிருமி எதுவும் காரணம் இல்லன்னா ஏன்னு தெரியாத வகைன்னு எழுதுவாங்க. நெறமாச பிளசென்டாவ எடுத்து பாத்தா 100க்கு 5லேருந்து 15ல இது இருக்கும், நெறைய புள்ளைங்க நல்லாவே பொறக்குதுங்க. ரொம்ப பரவுனாத்தான் வளர்ச்சி கொறையும், பெரியவன் எடை கம்மியா பொறந்ததுக்கு இதுவும் காரணமா இருந்துருக்கலாம்.

இது திரும்பவும் வரலாம், அத உங்கிட்ட மறைக்க மாட்டேன். ஸ்கேன்ல வில்லைட்டிஸ் தெரியாது, ஆனா வளர்ச்சி கொறஞ்சா தெரியும், அதனால அந்த ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டு, க்ரோத் ஸ்கேனும், ரத்த ஓட்டம் பாக்கற டாப்ளரும் எப்பப்ப எடுக்கணும்னு கேளு. இதுக்குன்னு நிரூபிச்ச மருந்து கெடையாது, யாராவது இம்யூனிட்டி பவுடர், ஸ்டீராய்டுன்னு சொன்னா நீயா தொடவே தொடாத, ஆஸ்பிரின் கூட டாக்டர் சொன்னாத்தான்.

காய்ச்சல் வந்தாலோ, தண்ணி கசிஞ்சாலோ, அசைவு கொறஞ்சாலோ விடியட்டும்னு இருக்காத. பனிக்கொடத்துல கிருமி ஏறி வர்ற வீக்கம் வேற, அது அவசரம்.

அப்புறம் பிரசவத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பிளசென்டாவ பேத்தாலஜிக்கு, அதான் திசு பாக்கற லேபுக்கு, அனுப்பணும்னு சொல்லி சீட்டுல எழுதி வாங்கிடு, சொல்லலன்னா அத தூக்கி போட்டுருவாங்க, அப்புறம் பாக்கவே முடியாது.

அம்மா