‘உன் நிறத்துக்கு இது எடுபடாது’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலம் உடுத்தினால் நிதானம் வரும், சிவப்பு உடுத்தினால் துணிச்சல் பிறக்கும், சாம்பல் நிறம் மனத்தைச் சோர வைக்கும் என்பன போன்ற குறிப்புகள் தங்கள் நாளிதழின் இணைப்புகளில் அவ்வப்போது வெளிவருகின்றன. உடுத்தும் நிறம் நம் மனநிலையைத் தொடுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்த ஆற்றல் சாயத்திலேயே இருப்பதாக எழுதும்போது, அது உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பது மறைந்துவிடுகிறது. அந்த மறைவில் சிலர் காயப்படவும் செய்கிறார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது 13 வயது இருக்கும். அடர் மஞ்சள் சட்டை ஒன்றை ஆசையோடு எடுத்து, தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அருகிலிருந்த உறவினர் ஒருவர், “உன் நிறத்துக்கு இதெல்லாம் எடுபடாதும்மா, வேற ஏதாவது மங்கலாப் பார்த்து எடு” என்றார். பரிவோடுதான் சொன்னார், அந்தப் பரிவினாலேயே என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் என் அலமாரியில் பழுப்பும் சாம்பலுமே இருந்தன. கூட்டம் எதுவானாலும் பின்வரிசையைத் தேடி உட்காரும் வழக்கமும் அதே காலத்தில்தான் என்னிடம் ஒட்டிக்கொண்டது. சாம்பல் நிறம் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளியது என்று சொல்லமாட்டேன். பிறர் கண்ணில் படாமல் இருப்பதே எனக்கு நல்லது என்று நான் நம்பிவிட்டிருந்தேன். உடையும் இருக்கையும் அந்த நம்பிக்கையைப் பின்பற்றின.

சிவப்பு வெற்றி தரும் என்போர் பெரும்பாலும் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கைச் சான்று காட்டுகிறார்கள். அங்கே குத்துச்சண்டை, டேக்வாண்டோ, மல்யுத்தப் போட்டிகளில் வீரர்களுக்குச் சிவப்பும் நீலமும் எந்த விருப்பு வெறுப்புமின்றி ஒதுக்கப்பட்டன. டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் ஹில், ராபர்ட் பார்ட்டன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 55இல் சிவப்பு அணிந்தவர்களே வென்றிருந்தார்கள். இதன் தொடர்ச்சியோ பலருக்கும் தெரியாது. 2008இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டேக்வாண்டோ காணொளிகளில் இரு வீரர்களின் நிறத்தை மட்டும் கணினியில் இடம் மாற்றி, 42 நடுவர்களுக்குக் காட்டினார்கள். ஆட்டம் அதேதான், அடியும் அதேதான். ஆனாலும் சிவப்பில் தெரிந்தவருக்கு நடுவர்கள் அதிகப் புள்ளிகள் வழங்கினார்கள். உடுத்தியவரின் உடம்பில் ஒன்றுமே மாறவில்லை, மாறியதெல்லாம் பார்த்தவர்களின் கண்தான். பின்னர் பல ஒலிம்பிக் போட்டிகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிவப்புக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட அந்தச் சாதகமும் நிலைக்கவில்லை.

உடுத்தியவர் தம் உடையைப் பார்க்கும் நேரம் எவ்வளவு குறைவு என்பதை எண்ணிப் பாருங்கள். கண்ணாடியை விட்டு நகர்ந்த பிறகு, நாள் முழுதும் நம் கண்ணில் படுவது சட்டையின் கை நுனியும் மடியும் மட்டுமே. எஞ்சிய நேரமெல்லாம் நாம் உடுத்தியிருப்பது, ‘பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரிகிறேனோ’ என்ற நினைப்பைத்தான். அந்த நினைப்பு எப்படி உருவானது, அதை யார் உருவாக்கினார்கள் என்று கேட்காமல் நிறத்தை மட்டும் பேசுவது அரைகுறையான பேச்சாகவே எனக்குப் படுகிறது.

‘எடுபடாது’ என்ற தீர்ப்புக்கும் அடிப்படை இல்லை. பிரான்ஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் ஷெவ்ரூலிடம், கறுப்புச் சாயம் வலுவின்றி மங்கித் தெரிகிறது என்ற புகார் வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்யப்பட்டிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. ஒரு நிறத்தின் தோற்றத்தை அதன் அண்டை நிறமும் தீர்மானிக்கிறது என்று அவர் விரிவாக எழுதி வெளியிட்டது 1839இல். இந்தக் கண்டுபிடிப்பின்படி பார்த்தால், மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பக்கத்தில் அடர் மஞ்சள் மேலும் துலங்கவே செய்யும். எனக்குச் சொல்லப்பட்ட அறிவுரை கண்ணால் பார்த்துச் சொன்னதன்று. கருமையை மறைக்க வேண்டிய ஒன்றாகக் கருதும் பழக்கத்திலிருந்து வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பலர் கூடிய அவையில் பேசவேண்டிய நாளொன்றில், அடர் மஞ்சள் சட்டை அணிந்து சென்றேன். முதல் பத்து நிமிடங்கள் தன்னம்பிக்கை வரவில்லை. எல்லோரும் என்னையே பார்ப்பதாகக் கூச்சம்தான் வந்தது. பிறகு மேசையில் கையை ஊன்றியபோது, துணியிலிருந்து தெறித்த மஞ்சள் ஒளி என் மணிக்கட்டின் உட்புறத்தில் மெல்லப் படர்ந்திருப்பதைப் பார்த்தேன். அழகாக இருந்தது. அதன்பின் குனிந்த தலையை நிமிர்த்திப் பேசினேன். அந்தத் துணிச்சலைச் சட்டை எனக்குத் தந்ததா என்று கேட்டால், அதை எடுத்து உடுத்துவதற்கே முதலில் துணிச்சல் வேண்டியிருந்தது என்றுதான் சொல்வேன்.

ஆகவே, உடைகளைப் பற்றி எழுதுவோர் தங்கள் விருப்பங்களை விருப்பங்களாகவே எழுதட்டும். ‘உடல் நிறத்துக்கு ஏற்ற நிறங்கள்’ என்னும் பட்டியல்களையேனும் இனித் தவிர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றை 13 வயதுப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி