குழாய்க்குள் பாடிய பாட்டு அல்ல அது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1920-களின் அமெரிக்கப் பாடல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ‘மை ப்ளூ ஹெவன்’ பாட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தின் நடுவில், மைக் இல்லாத காலத்தில் பெரிய குழாய்க்குள் உரக்கப் பாடித்தான் அமெரிக்கப் பாடகர் ஜீன் ஆஸ்டின் அந்த மென்மையைக் கொண்டுவந்தார் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக ஆஸ்டின் அந்தப் பாட்டைப் பாடியது 1927 செப்டம்பர் 14 அன்று. விக்டரும் கொலம்பியாவும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் மைக்ரோஃபோன் முறைக்கு மாறியது 1925-லேயே. தங்களுக்கு இது தெரியாதது அல்ல. இரண்டு வருடக் கணக்குப் பிசகு என்றால் நான் கடிதம் எழுதியிருக்கவே மாட்டேன். அந்த வரி பாட்டின் உயிரையே தலைகீழாக்கிவிட்டது.

குழாய்ப் பதிவில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. பாடகரின் குரல் ஒரு தகட்டை அதிர வைக்கும். அந்த அதிர்வுதான் ஊசியை அசைத்து, மெழுகில் கீறும் கோட்டில் நெளிவு விழ வைக்க வேண்டும். தணிந்த குரலில் பாடினால் நெளிவே பதியாது. அதனால் ஓங்கிய குரல்காரர்களுக்குத்தான் அங்கே இடம். உச்ச ஸ்வரம் வந்தால் பாடகர் பின்னால் நகர வேண்டும், கீழே இறங்கும்போது குழாய்க்குள் முகத்தைக் கொடுக்க வேண்டும். வயலின் ஒலி எட்டாது என்று, உலோகக் குழாய் பொருத்திய தனி வயலினையே செய்து வைத்திருந்தார்கள். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைவரை எட்டப் பாடிய கிட்டப்பாவை நினைத்தால் நம் வாசகர்களுக்கு இது உடனே விளங்கும்.

மைக்கும் வால்வு ஆம்ப்ளிஃபையரும் வந்த பிறகுதான், பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்வதுபோலப் பாட முடிந்தது. ‘விஸ்பரிங்’ (கிசுகிசுக்கும்) என்று பட்டப்பெயர் பெற்ற ஜாக் ஸ்மித், ஆஸ்டின் ஆகியோரின் பாணி அப்படி வந்தது. ‘மை ப்ளூ ஹெவன்’ இசைத்தட்டைக் கேளுங்கள்: பியானோ, செல்லோ, பறவைபோல ஒரு சீட்டி, அவ்வளவே. சொல்லின் கடைசியில் குரல் தேயும் இடத்தில் மூச்சு கேட்கும். குழாயில் அந்த மூச்சு மெழுகை எட்டியே இருக்காது. அக்காலப் பாடகர் ரூடி வேலி கையில் மெகாஃபோன் பிடித்து நிற்கும் படங்களைப் பார்த்துக் கட்டுரையாளர் குழம்பினாரோ என்னவோ. அது மேடையில் குரலைக் கூட்டத்துக்கு எட்ட வைக்கும் கருவி. பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதைக் கண்டுபிடிக்க நூலகம் போகத் தேவையில்லை. தட்டையே கையில் எடுத்து, லேபிளைச் சுற்றிப் பாட்டுக் கோடு இல்லாத பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் போதும். மின்பதிவான விக்டர் தட்டில் சிறு முட்டை வடிவத்துக்குள் வி, இ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஹெச்.எம்.வி. தட்டில் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணம். அந்தக் காலத் தமிழ்த் தட்டு கையில் இருப்பவர்களும் தேடிப் பார்க்கலாம்.

துணைத் தலைப்பில் ‘விரகப் பாடல்’ என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அந்திப் பறவை கூவ, வேலை முடித்தவன் வீட்டு வழியில் திரும்புகிறான். சின்ன வெள்ளை விளக்கு தெரிகிறது. உள்ளே மனைவியும் குழந்தையும். இதில் விரகம் எங்கே ஐயா? வால்டர் டொனால்ட்சன் 1924-ல் மெட்டமைத்து, ஜார்ஜ் வைட்டிங் சொல் எழுதிய பாட்டு இது. குட்டைக் கூந்தலும் சார்ல்ஸ்டன் ஆட்டமும் மட்டுமே அந்தப் பத்தாண்டு என்று எழுதுகிறீர்கள். அதே பத்தாண்டில் லட்சக்கணக்கில் விற்றது வீடு திரும்பும் இந்தப் பாட்டுதான்.

கட்டுரையோடு தந்திருந்த ஒலிப்பதிவையும் கேட்டேன். பிற்காலத்து நீண்ட நேரத் தட்டான எல்.பி.க்கு உரிய ஊசியால் ஓட்டியிருக்கிறார்கள் என்பது முதல் பத்து நொடியிலேயே தெரிகிறது. எல்.பி. ஊசி முனை சுமார் 25 மைக்ரான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டின் பள்ளத்துக்குச் சுமார் 75 மைக்ரான் வேண்டும். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் படிக்கும். அதோடு, 1954-க்குப் பிறகு வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒலிச் சமன் முறையிலேயே, அதாவது உயர்ந்த, தாழ்ந்த ஒலிகளின் அளவைத் திருத்தும் முறையிலேயே, விட்டிருக்கிறார்கள். அது 10,000 ஹெர்ட்ஸில் சுமார் 13.7 டெசிபல் குறைக்கும். பழைய தட்டில் உயர்ந்த ஒலிகளை அந்த அளவுக்குக் கூட்டிப் பதியவில்லை. அதனால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. அதற்கும் மேல் இரைச்சல் நீக்கம் போட்டு, மிச்சமிருந்த மூச்சையும் துடைத்துவிட்டார்கள். வேகமும் சற்றுக் கூடுதல். 78-க்குப் பதில் 80-ல் சுற்றினால் சுருதி அரைச் சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி ஏறிவிடும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் விளக்கொளியில் 77 கோடு போட்ட வேகச் சக்கரத்தை வைத்துப் பார்த்தால், கோடுகள் நகராமல் நிற்கும் இடம் நிமிடத்துக்கு 77.92 சுற்று. இரண்டு நிமிட வேலை அது.

பழையதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ‘வீட்டுக் குறிப்பு’ பகுதியில், பழைய தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கச் சொன்னீர்கள். அப்போதே எழுதினேன், பதில் இல்லை. 78 தட்டு அரக்கு. நம் காட்டு மரங்களில் எடுத்த அதே அரக்கு. ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும். பஞ்சு பழுப்பாகும்போது பாட்டும் சேர்ந்து போகும். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான திரவ சோப்பு இரண்டு சொட்டு, மிருதுவான பிரஷ், கோடு போகும் திசையிலேயே தேய்ப்பு, லேபிளில் ஈரம் படாமல் காவல், பிறகு நிமிர்த்தி நிழலில் உலர்த்தல். வெந்நீர் கூடவே கூடாது, தட்டு வளையும். அந்தக் குறிப்பை நம்பி எத்தனை வீட்டில் எத்தனை தட்டு போயிற்றோ என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் ‘குழாய்’ என்ற இடத்தில் ‘மைக்ரோஃபோன்’ என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். இடமிருந்தால் ஸ்பிரிட் குறிப்புக்கும் ஒரு வரி. கட்டுரைக்கு மேல் அச்சிட்ட படத்தில், ஊமத்தம்பூ வடிவக் குழாய் வைத்த கிராமபோனில் சுற்றுவது எல்.பி. தட்டு, அந்த இரும்பு ஊசி அதை ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும். அந்தப் படத்தை மறுபடியும் பயன்படுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை